தலையாட்டும் முகம்

மங்கையர்க்கரசி அம்மையின் மடம் மலையடிவாரத்தில் இருந்தது. சீடர்களோ ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தார்கள். விடியற்காலையில் எல்லோரும் கணினித் திரையில் கூடுவார்கள். பாட நேரத்தில் யாரும் பேசக் கூடாது, புரிந்தால் தலையாட்டலாம். மடத்தின் விதி அது ஒன்றுதான்.

ஒரு பக்தர் மடத்துக்குப் புதிய மென்பொருள் வாங்கிக் கொடுத்தார். அது முகத்தைப் பார்த்து ஆளை உள்ளே விடும். கண்ணைப் பார்த்துக் கவனத்தை அளக்கும். கவனித்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, கண் சொருகினால் சிவப்பு. எல்லோர் பார்வையிலும் படும்.

வைரவனுக்கு வந்தது வினை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வாழ்பவர், குருவைவிட வயதில் மூத்தவர். விடியற்காலைத் தூக்கத்தை மட்டும் அவரால் வெல்ல முடியவில்லை. சிவப்புப் புள்ளியோடு நாலு பேர் முன்னால் உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை. ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புன்னகையோடு தலையாட்டுகிற தன் முகத்தை வீடியோ எடுத்தார். மறுநாளிலிருந்து கேமராவுக்குப் பதில் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். முகம் பாடம் கேட்டது. ஆள் கட்டிலில் குறட்டை விட்டார். பச்சைப் புள்ளி ஒருநாளும் மாறவில்லை.

மாதங்கள் போயின. மடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது: அம்மைக்குப் பிறகு பாடம் சொல்லப்போகிறவர் வைரவன்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவருக்கோ மடியில் ஒன்றுமே இல்லாததுதான் பயம். சொல்லிக்கொடுக்க ஒரு வரி தெரியாது. சோறு இறங்கவில்லை, சவரம் செய்யக் கை வரவில்லை. இனியாவது உண்மையாகப் போய் உட்காருவோம் என்று ஒரு விடியலில் கேமராவைத் திறந்தார்.

'பதிவில் உள்ள முகத்தோடு பொருந்தவில்லை' என்றது திரை.

முகத்தைக் கழுவினார். விளக்கைப் போட்டார். சிரித்துக்கூடப் பார்த்தார். அந்தச் சிரித்த முகத்தையே பார்த்துப் பழகிய இயந்திரம், தாடி முளைத்து வெளிறிப்போன இந்த முகத்தை ஏற்கவில்லை. பழைய வீடியோவை ஓடவிட்டார். உடனே வழி திறந்தது. அவருடைய முகம் அவரில்லாமல் உள்ளே போய்த் தலையாட்டத் தொடங்கியது.

அந்த வீட்டில் அதோடு தனியாக இருக்க அவருக்குப் பயமாக இருந்தது. அதை நிறுத்தக்கூடக் கை நீளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் மலையடிவாரப் பேருந்தில் ஏறிவிட்டார்.

மடத்தை அடைந்தபோது பாடம் முடிந்திருந்தது. திரையில் மற்ற எல்லோரும் போய்விட்டார்கள். ஒரே ஒரு முகம் மட்டும் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அம்மை அதன் எதிரில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அம்மா," என்றார் வாசலில் நின்ற வைரவன். "அது நான் இல்லம்மா."

அம்மை திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பச்சைப் புள்ளி வந்த நாள்லேர்ந்தே. நான் தூங்கிட்டேன்மா. ஒரு பாடமும் கேக்கல. என்னைப் போய் ஏம்மா தேர்ந்தெடுத்தீங்க?"

"சித்திரையில ஒருநாள் பாடத்துக்கு நடுவுல சொன்னேன். என் நோய்க்கு இனிமே மருந்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார், இந்த வருஷம் தாண்டாதுன்னு. எல்லாரும் அழுதாங்க. உங்க முகம் மட்டும் சிரிச்சபடியே தலையாட்டுச்சு."

வைரவன் திரையில் சிரிக்கும் தன் முகத்தைப் பார்த்தார்.

"பயத்தைத் தாண்டின மனுஷர் ஒருத்தராவது இருக்காரேன்னு நினைச்சேன். அன்னியிலேர்ந்து அந்த முகத்தைப் பாத்துத்தான் தைரியம் வரவழைச்சுக்கிட்டேன்."

ஒரு சீடன் குருவிடம் கேட்கக் கூடாததை வைரவன் கேட்டுவிட்டார்.

"அம்மா, உங்களுக்குப் பயமா இருக்கா?"

அம்மை கை நீட்டித் திரையை அணைத்தார்.

"இருக்கு," என்றார். "பக்கத்துல வந்து உட்காருங்க."