பேர் சொல்லாத லென்ஸ்

தூத்துக்குடியில் செல்வின் அண்ணாச்சியின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தால், அவருடைய புது லென்ஸின் பெருமையைக் கேட்டுமுடித்த பிறகுதான் நாற்காலியில் உட்காரவே முடியும். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த எமரென்சியாவிடம் இருந்ததோ பழைய பிலிம் கேமராவின் லென்ஸ். ஒரு வளையத்தின் உதவியால் அதை ஸ்டுடியோவின் டிஜிட்டல் கேமராவில் மாட்டி, கையாலேயே திருகித் திருகிப் படம் எடுப்பாள்.

கல்யாணப் பெண் ரீகாவும் அவள் அப்பாவும் வந்த அன்று அண்ணாச்சிக்குக் குசும்பு கிளம்பியது.

"ஏளா, ஒரே கேமரா. நீயும் எடு, நானும் எடுக்கேன். பொண்ணுக்கு உன் படம் பிடிச்சா கல்யாணத்துக்கு நீ போ. இல்லன்னா அந்த ஓட்டைக் கண்ணாடியோட வீட்டுக்குப் போ."

இருவரும் மாறி மாறி எடுத்ததில், எது யாருடையது என்று தெரியாமல் படங்கள் கலந்துபோயின. ரீகா கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு படத்தில் விரலை வைத்தாள். "அப்பா, இதுல நான் நானாவே இருக்கேன்!"

"பார்த்தீரா? புது லென்ஸுன்னா சும்மாவா!" என்று அண்ணாச்சி மீசையைத் தடவினார்.

எமரென்சியா பதறவில்லை. "அண்ணாச்சி, உங்க லென்ஸ் எடுக்கிற எல்லாப் படத்தோட விவரத்துலயும் தன் பேரைத் தானா எழுதிவச்சிருமே. இதுல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா வாசிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அண்ணாச்சி படத்தின் விவரத்தைத் திறந்தார். லென்ஸின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

"என்னவே, ஒண்ணுமே எழுதலியே?" என்றார் பெண்ணின் அப்பா.

"என்னுது வாயில்லாப் பூச்சி, சார்," என்றாள் எமரென்சியா. "அதுக்குப் பேர் சொல்லத் தெரியாது. படம் எடுக்கத்தான் தெரியும்."

"அக்கா, கல்யாணத்துக்கு வெள்ளன வந்திருங்க," என்றாள் ரீகா.

அவள் அப்பா அண்ணாச்சியின் தோளைத் தட்டினார். "நீரும் வாரும்வே, பந்திக்கு."