குளிர்ச் சாவி

குன்னூரில் மார்க்கெட்டுக்கு மேலே ஏறுகிற சாலையில் வேதமாணிக்கத்தின் கார் பட்டறை இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியில் என்ன வேலை பார்த்தாலும் சாயங்காலம் யாரும் "முடிஞ்சுது" என்று சொல்லக் கூடாது. வண்டி ராத்திரி முழுக்க வெளியே பனியில் நிற்கும். விடிந்ததும், கடைசி வேலையைப் பார்த்தவன் எவனோ அவன் சாவியைப் போட்டுத் திருப்புவான். வண்டி பிடித்துக்கொண்டால் வேலை முடிந்தது. பிடிக்காவிட்டால் முடியவில்லை, அவ்வளவுதான். அந்தச் சாவிக்கே பட்டறையில் குளிர்ச் சாவி என்று பேர் விழுந்துவிட்டது.

வேதமாணிக்கத்தை எல்லாரும் வாத்தியார் என்பார்கள். அவரிடம் வேலை கற்ற சீடர்களில் மூத்தவன் போஜன். மூத்தவன் என்றால் சும்மா இல்லை, வந்தபோது கறுகறுவென்று இருந்த தலை இப்போது பாதி பஞ்சாகிவிட்டது. வாத்தியாருக்கும் அவனுக்கும் வயசில் பெரிய வித்தியாசம் கிடையாது. இருந்தாலும் அவர் எதிரில் அவன் பீடி பற்றவைத்ததில்லை.

அந்த வருஷம் பட்டறையில் ஒரு பழைய கார் நின்றது. எஸ்டேட்காரர் ஒருவருடையது. படகு மாதிரி நீளம், அகல மூக்கு, தேயிலைக் கொழுந்துப் பச்சை. எஸ்டேட்காரருக்குக் கண் மங்கிவிட்டது. சீசன் சமயத்தில் ஊட்டியில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்குமே, அதில் தன் வண்டி போக வேண்டும் என்பது அவர் ஆசை. "ஓட்ட நம்மால ஆகாது வாத்தியாரே. குளிர்ச் சாவி யாருக்கோ, அவரே ஓட்டிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போஜனுக்கு அந்த வார்த்தை போதும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டியது அவன். பிரேக்கை எழுப்பியது அவன். ஒரு கேஸ்கட்டுக்காகக் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் நாள் முழுக்க அலைந்தது அவன். ஊர்வலத்தில் அந்த ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகள் ஓரமாய் நின்று பார்க்க, மெல்ல ஊர்ந்து போவதை அவன் மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டான்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வயர்.

கையால் இழுக்கிற பழைய சோக்கைக் கழற்றிவிட்டு, கரண்டில் வேலை செய்கிற சோக் ஒன்றைக் கார்புரேட்டரில் பூட்டியிருந்தார்கள். அதன் கதை சின்னதுதான். குளிர்ந்த எஞ்சின் கிளம்ப வேண்டுமானால் கார்புரேட்டரின் வாயை ஒரு தகடு மூடியிருக்க வேண்டும். காற்று குறைந்து பெட்ரோல் கூடினால்தான் பிடிக்கும். வண்டி ஓட ஆரம்பித்ததும் கரண்ட் வந்து, கறுப்பு மூடிக்குள் இருக்கிற சுருள் சூடாகி, தகட்டை மெல்ல மெல்லத் திறக்கும். அந்த மூடிக்கு ஒரு வயர் இழுக்க வேண்டும்.

வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"போஸு, அந்த சோக்குக்கு நீ வயர் இழுத்துடு."

சந்திரபோஸ் போன மழைக்குத்தான் பட்டறைக்கு வந்தவன். கோத்தகிரிப் பக்கம் ஆட்டோக்களுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன்.

"நானா வாத்தியாரே?"

"இங்க வேற போஸு யாரு இருக்கா?"

போஜன் கையிலிருந்த ஸ்பானர் நின்றுவிட்டது.

"போஜா, அந்த ஜீப்புக்கு ஹார்ன் அடிக்கலையாம். என்னன்னு பாரு."

ஹார்ன்! போஜன் ஜீப்பின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கண் ஜீப்பில் இல்லை. போஸ் காருக்குள் குனிந்து நிமிர்வதும், வயரை அளந்து பார்ப்பதும், நடுநடுவே சீட்டி அடிப்பதும் அவன் வயிற்றில் எரிந்தது. நான் பிரித்துப் பூட்டின எஞ்சின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சீட்டி வேறு!

டீ கொண்டுவந்த டீக்கடைப் பையன் அசரப் நிலவரத்தைப் பார்த்துவிட்டான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, ஆக்கி இறக்குனது நீங்க. பந்தியில உக்காரப் போறது அவுரா?"

"டீயை வெச்சுட்டுப் போடா."

"சக்கரை கூடப் போட்டிருக்கேண்ணே. கசப்பு தெரியாது."

போஜன் டீயை அப்படியே ஆறவிட்டுவிட்டு நேரே வாத்தியாரிடம் போனான்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்த வயரை நான் இழுத்திருக்க மாட்டேனா?"

"இழுத்திருப்பே."

"அவனை விட நல்லா?"

"அவனை விட நல்லா."

"அப்புறம் ஏன் அவனுக்குக் குடுத்தீங்க?"

வாத்தியார் ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில கேளு" என்றார்.

பொழுது சாயும் நேரம் போஸ் வயரைப் பூட்டி முடித்தான். டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்தான், எரிந்தது. அவனுக்கு முகமெல்லாம் பல். ஜீப் பக்கத்தில் நின்ற போஜனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒரு பார்வை பாத்துடுங்களேன். நீங்க பாத்தா எனக்குத் தூக்கம் வரும்."

போஜன் வந்தான். பியூஸ் பெட்டியைப் பார்த்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் இரண்டு வரிசை. மேல் வரிசையில் சாவி போட்டால்தான் கரண்ட். கீழ் வரிசையில் எந்நேரமும் கரண்ட், சாவியை எடுத்தாலும் உண்டு. போஸ் கீழ் வரிசையில் மாட்டியிருந்தான். சாவி போட்டபடியே சோதித்ததால் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

போஜன் சந்தேகத்துக்குக் கறுப்பு மூடிமேல் கை வைத்தான். சாவி வெளியே ஆணியில் தொங்குகிறது. எஞ்சின் கல்லாய்க் கிடக்கிறது. மூடி மட்டும் கதகதவென்று இருந்தது.

ராத்திரி முழுக்க அது இப்படியே சூடாகும். தகடு திறந்தே கிடக்கும். பாட்டரியும் இளைக்கும். காலையில் பனியில் சாவியைத் திருப்பினால் வண்டி இருமும், பிடிக்காது.

"எப்படிண்ணே?"

போஜன் கையை எடுத்துத் துணியில் துடைத்தான்.

"ம். நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவனுக்கு மேடு தெரியவில்லை. ராத்திரி சாப்பாட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினான். "என்ன, இன்னிக்கு ஒரே குஷி?" என்றாள் மனைவி. "ஒண்ணுமில்லையே" என்றான். படுத்தால் தூக்கம்தான் வரவில்லை. கம்பளியை உதறிவிட்டான். அப்படி ஒரு குளிரில் அவனுக்குப் புழுங்கியது.

விடிந்தது. பட்டறை வாசலில் கார் பனியில் நனைந்து நின்றது. போஸ் குளித்து நெற்றியில் விபூதி இட்டு வந்திருந்தான். வாத்தியார் குல்லாவைக் காது வரை இழுத்துக்கொண்டு, சாவியை அவன் கையில் கொடுத்தார்.

போஸ் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான். ஆக்சிலேட்டரை ஒரு தரம் மிதித்துவிட்டுத் திருப்பினான்.

எஞ்சின் சுற்றியது. இருமியது. நின்றது.

மறுபடி திருப்பினான். சுற்றுவதே இப்போது சோம்பலாக இருந்தது. மூன்றாம் முறை 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போஜன் தாடையைச் சால்வைக்குள் புதைத்துக்கொண்டான். சிரிப்பு வெளியே தெரிந்துவிடப் போகிறதே!

போஸ் இறங்கினான். முகம் செத்துப்போயிருந்தது.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன் வாத்தியாரே."

வாத்தியார் அவனைப் பார்க்கவில்லை.

"போஜா, இங்க வா. எஞ்சின் மேல கை வை."

வைத்தான்.

"எப்படி இருக்கு?"

"ஐஸ் மாதிரி இருக்கு."

"அந்த மூடிமேல வை."

வைத்தான்.

"அது?"

"சூடா இருக்கு வாத்தியாரே."

"எப்ப இருந்து சூடா இருக்கு?"

"நேத்து சாயங்காலத்துல இரு..."

வார்த்தை பாதியில் நின்றது. அதற்குள் சொல்லக் கூடாதது வெளியே வந்துவிட்டது.

மரத்திலிருந்து பனித்துளி தகரக் கூரைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. போஸ் போஜனையே பார்த்தான். கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்க்குமே, அந்த மாதிரி.

"அண்ணே, கை வெச்சுப் பாத்தீங்களே... தெரிஞ்சுமா நல்லா இருக்குன்னீங்க?"

போஜன் மூடியிலிருந்து கையை எடுத்தான்.

வாத்தியார் காருக்குள் கைவிட்டுச் சாவியை உருவினார்.

"வயரை மாத்து போஜா."

போஜன் குனிந்தான். கீழ் வரிசையிலிருந்து கழற்றி மேல் வரிசையில் மாட்டினான். ஒரு திருகுதான். முடித்து, சாவி இல்லாமல் டெஸ்ட் விளக்கை வைத்துக் காட்டினான். எரியவில்லை.

"பாட்டரி செத்திருக்கு. உன் ஜீப்பைக் கொண்டாந்து கரண்ட் குடு."

ஜீப்பைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்கு நிறுத்தினான். போஸ் தானாகவே வந்து தடித்த வயர்களின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவன்.

"சிவப்பு எனக்கு வருதாண்ணே?"

"ம்."

"கவ்விடுச்சு பாத்துக்குங்க."

"ம்."

வாத்தியார் வந்து சாவியைப் போஜன் உள்ளங்கையில் வைத்தார்.

"கடைசியா கை வெச்சது நீ. குளிர்ச் சாவி உனக்குத்தான்."

எத்தனை நாளாய் ஆசைப்பட்ட சாவி! ராத்திரியெல்லாம் பனியில் தொங்கின சாவி, ஊசியாய்க் குத்தியது. போஜன் கதவைத் திறக்கப் போனான்.

"அவசரப்படாதே" என்றார் வாத்தியார். "சுருள் இன்னும் சூடா இருக்குல்ல? தகடு மூடாது. இப்பத் திருப்புனா மறுபடியும் இருமும்."

ஜீப் உறுமிக்கொண்டே நிற்க, மூன்று பேரும் காரின் மட்கார்டு ஓரமாய் நின்றார்கள். அசரப் டீ கொண்டுவந்தான். மூன்று முகத்தையும் பார்த்தான். என்ன நினைத்தானோ, வாயே திறக்காமல் டம்ளர்களை வைத்துவிட்டுப் போனான்.

போஸ் ஒரு டம்ளரை எடுத்து முதலில் போஜனிடம் நீட்டினான்.

"குடிங்கண்ணே. ஆறிடும்."

போஜன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. வாத்தியாருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்:

"வாத்தியாரே, காலையில கேளுன்னு சொன்னீங்க."

"என்னத்தை?"

"ஏன் அவனுக்குக் குடுத்தீங்கன்னு."

வாத்தியார் டீயை ஊதிக் குடித்தார்.

"அவனுக்குத் தெரியாது, தப்புப் பண்ணுவான்னு எனக்குத் தெரியும். செஞ்சாத்தானே கத்துக்குவான். பக்கத்துல நீ இருக்கே, பாத்துக்குவேன்னுதான் தைரியமா குடுத்தேன்."

போஜன் தலை கவிழ்ந்தது. ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் சாவி. டம்ளரை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, கையை நீட்டிக் கறுப்பு மூடியைத் தொட்டான்.

"ஆறிடுச்சா போஜா?"

"இன்னும் இல்ல வாத்தியாரே."

"சரி. இருப்போம்."