முத்திரை வைத்த வெற்றிலை வண்டி

மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலம் அது, கேளுங்கள். ஐந்து நாடுகள் கூட்டாக வாழ்ந்தன. சரக்கு எங்கே போனாலும் சுங்கமில்லை, சோதனையில்லை, கேள்வியில்லை. ஒருநாள் விருந்தில் தனக்குக் கடைசி இலை போட்டார்கள் என்று மருதநாட்டு அரசனுக்குக் கோபம் வந்தது. "இனி நாங்கள் தனி" என்று எழுந்து வந்துவிட்டான். சாப்பிட்டுவிட்டாவது வந்திருக்கலாம்.

மறுநாளே எல்லையில் மூங்கில் தடுப்பு வந்தது. சுங்கக்காரர்கள் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்தார்கள், பார்த்தார்கள், மறுபடி கட்டினார்கள்.

மருதநாட்டுப் பூவாத்தாள் வெற்றிலை வியாபாரி. அவள் இலை முழுக்க அடுத்த நாட்டுச் சந்தையில்தான் விற்கும். முதல் வண்டி எல்லையில் காத்து நின்றே வாடியது. இரண்டாவது அழுகியது. மூன்றாவதை மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இன்னொன்றும் இப்படிப் போனால் வெற்றிலை விளையும் கொடிக்காலையே விற்க வேண்டியதுதான்.

மற்ற வியாபாரிகள் திருட்டுத்தனமாகக் காட்டு வழியில் ஓட்டினார்கள். பூவாத்தாள் இரு நாட்டுச் சுங்கக்காரர்களையும் நேரே போய்ப் பார்த்தாள்.

"ஐயா, என் கொடிக்காலுக்கே வந்து, கட்டும்போதே பாருங்க. நீங்களே அரக்கு முத்திரை வையுங்க. எல்லையில முத்திரையை மட்டும் பார்த்தாப் போதுமே."

அடுத்த நாட்டுச் சுங்கக்காரர் ஏகாம்பரம் யோசித்தார். "ஒரு தடவை பார்ப்போம்மா. வண்டியில வேற ஏதாவது இருந்துச்சோ, இந்த ஏற்பாடு அன்னிக்கோட சரி."

இரு சுங்கக்காரர்களும் கொடிக்காலுக்கு வந்து, இலைக் கட்டுகளைப் பார்த்து முத்திரை வைத்தார்கள்; வண்டி கிளம்பியது. பூவாத்தாளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. எல்லையில் முத்திரையைப் பார்த்ததுமே தடுப்பை உயர்த்தினார்கள். அப்போதுதான் வண்டியோட்டிய தம்பி செவந்தான் அவள் காதருகே சிரித்தான்.

"அக்கா, முத்திரை வச்சுட்டு அவங்க போனதும், இலைக் கட்டுக்குக் கீழ விரிச்ச வைக்கோலுக்கு அடியில சந்தனக் கட்டை போட்டுட்டேன். இனி யாரு பாக்கப் போறா?"

பூவாத்தாள் திரும்பித் தடுப்பைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் கொடிக்கால் பிழைக்கும். ஆனால் வண்டியை விட்டுக் குதித்தாள்.

"ஐயா, தடுப்பை இறக்குங்க" என்றாள். வைக்கோலைத் தானே விலக்கிக் காட்டினாள்.

ஏகாம்பரம் கட்டையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நாங்க பார்க்காததை நீயே காட்டிட்டியேம்மா. இனி உன் வண்டிய நிறுத்த மாட்டோம். கட்டையும் உன் தம்பியும் இங்க இருக்கட்டும். நீ ஓட்டு, இலை வாடுது."

பூவாத்தாள் கயிற்றைப் பிடித்தாள். வண்டி பறந்தது. சந்தையில் வெற்றிலைக் கட்டைப் பிரித்தபோது இலை பச்சைப் பசேலென்று இருந்தது. விரைவிலேயே உப்பு வண்டியும் நெல் வண்டியும் துணி வண்டியும் முத்திரை கேட்டு வரிசையில் நின்றன. தடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, வண்டிகள் ஓடின.

அரசர்கள் பிரிந்தாலும், யாரும் பார்க்காத இடத்திலும் நேர்மையாக இருப்பவருக்கு எல்லை வழிவிடும்.