குடைக்காரனின் விக்கல்

அபரஞ்சியின் நாடகக் குழுவில் குமுதவல்லியிடம் வாதாடித் தோற்காதவர் கிடையாது. அன்று மாலை நாடகத்தில் அவள்தான் இளவரசி. காலை ஒத்திகையில், கையிலிருந்த சுயம்வர மாலையைக் கீழே வைத்துவிட்டாள்.

“நான் ஆட மாட்டேன், குருவே.”

“ஏன்?” என்றாள் அபரஞ்சி.

“நாலு அரசர்கள் வரிசையாக நிற்கிறார்கள். இந்த இளவரசி போய்க் குடை பிடிக்கிறவன் கழுத்தில் மாலை போடுகிறாள். எதற்கு? அவனுக்கு விக்கல் எடுத்ததாம், குடை குதித்ததாம்! பெண்ணுக்கு மூளையே இல்லை என்று ஊர் சிரிக்கவா?”

குடைக்காரனாக நடிக்கும் சடையன் ஒரு கையில் குடையைப் பிடித்தபடி பொரி தின்றுகொண்டிருந்தான். “என் விக்கலுக்கு என்ன குறைச்சல்?” என்றான்.

“நீ சும்மா இரு. இளவரசிக்கு ஒரு காரணம் எழுதுங்கள் குருவே, ஆடுகிறேன். இல்லையென்றால் வேறு ஆள் பாருங்கள்.”

வேறு ஆள் இல்லை. ஆனாலும் அபரஞ்சி முகம் சுளிக்கவில்லை. உள்ளூர மகிழ்ந்தது போலத்தான் இருந்தது.

“நீயே சொல்லேன். காரணத்தைச் சொல்லி மாலையைப் போடு.”

குமுதவல்லி மாலையை எடுத்துக்கொண்டு சடையன் முன்னால் நின்றாள். “இவன் வீரன்.”

“முதல் அரசன் இவனைவிட வீரன். மாலையை அங்கே கொண்டுபோ.”

“சரி, வீரம் வேண்டாம். இவன் படித்தவன்.”

“இரண்டாம் அரசன் இன்னும் படித்தவன். அங்கே போ.”

“அழகன்!”

“யார், சடையனா?” என்றான் மூன்றாம் அரசன். குழுவே சிரித்தது.

“நல்லவன். அதையாவது விட்டுவையுங்கள்!”

“நாலாம் அரசன் எறும்புக்கும் வழிவிடுகிறவன்,” என்றாள் அபரஞ்சி.

அரங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூச்சு வாங்க, மறுபடி சடையன் முன்னால் வந்து நின்றாள். “எதைச் சொன்னாலும் அதில் இவனை மிஞ்ச ஒருத்தன் இருக்கிறானே!”

“இருப்பான்.”

“அப்படியானால் இவனுக்கு எதற்காக…”

தின்ற பொரி சடையனுக்குத் தொண்டையில் அடைத்தது. விக்கினான். குடை குதித்தது. அடக்கப் பார்த்தான், கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. குடை இன்னும் உயரமாகக் குதித்தது.

குமுதவல்லியின் வாதம் பாதியில் நின்றது. சிரித்தாள். நிறுத்தப் பார்த்தும் முடியவில்லை. மாலையிலிருந்து பூ உதிர உதிரச் சிரித்தாள்.

அபரஞ்சி காத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

“எதற்குச் சிரித்தாய்?”

குமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தெரியவில்லை, குருவே.”

“இப்போது போடு மாலையை.”