உப்புத்தாள்

ஆவுடையப்பன் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாரம்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. முப்பிடாதியின் பட்டறையில் போய்க் கடைசல் வேலை கற்கச் சேர்ந்தார். மரத்துண்டை மிஷினில் சுழலவிட்டு, உளி பிடித்துக் கிண்ணம், மத்து என்று கடைந்து எடுக்கிற வேலை. முப்பிடாதி அவரைவிட எவ்வளவோ இளையவள். ஆனாலும் பட்டறையில் எல்லோருக்கும் அவள்தான் மாஸ்டர். அத்தனை வருஷம் மாஸ்டராக இருந்தவரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்.

முப்பிடாதி வாயால் சொல்லிக் கொடுப்பது குறைவு. உளியைத் தப்பாகப் பிடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். எது தப்பு என்று அவரவரே கண்டுபிடிக்க வேண்டும்.

ஆவுடையப்பனுக்குக் கை சீக்கிரம் படிந்துவிட்டது. சொந்தமாக ஒரு மிஷின் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொண்டார். அவர் கடைந்த கிண்ணங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதாவது, மற்றவர்களுக்கு இல்லை. அவர் கண்ணுக்கு மட்டும் எப்போதும் ஒரு கோடு தெரியும். உளி போன தடம், மயிரிழை அளவு. உடனே சட்டைப்பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பார். கோடு போய்விடும். பக்கத்தில் இன்னொன்று தெரியும்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுத் தேயுங்க, ஒரு கோடும் தெரியாது" என்று அவர் மனைவி கோமதி சொல்லிப் பார்த்தாள். மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

கைவினைக் கண்காட்சிகளில் கடை போட்டார். எங்கேயும் ஒன்றும் விற்கவில்லை. கடைக்காரரே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தால் யார் வாங்குவார்கள்? இன்னும் வேலை முடியவில்லை போலிருக்கிறது என்று ஜனங்கள் பக்கத்துக் கடைக்கு ஓலைப்பெட்டி பார்க்கப் போய்விடுவார்கள். யாராவது ஆசையாகக் கையில் எடுத்தாலும் இவர் விடமாட்டார். "கொஞ்சம் கொடுங்க, அடியில ஒரு கோடு இருக்கு" என்று திரும்ப வாங்கிக்கொள்வார். வாங்கியதோடு சரி.

இந்தத் தடவை பொருட்காட்சித் திடலில் கடை. கடைசி நாள் சாயங்காலம் முப்பிடாதி வறுகடலைப் பொட்டலத்தோடு வந்தாள். அடுக்கி வைத்தது வைத்தபடியே இருந்தது. ஆவுடையப்பன் பூவரசங் கிண்ணம் ஒன்றை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கடைந்ததிலேயே அதுதான் அழகு.

"எதாச்சும் போச்சா சார்?"

"இல்ல மாஸ்டர். இன்னைக்கும் ஒண்ணுகூடப் போகலைன்னா மிஷினைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். மச்சினன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

சாதாரணமாகச் சொல்லத்தான் பார்த்தார். மிஷின் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியாது. வேலையை விட்டு வந்த அந்த முதல் வாரத்தை நினைத்தாலே பயமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா மாஸ்டர்?"

"கேளுங்க."

"ஒரு சாமான் முடிஞ்சிட்டுன்னு எப்படித் தெரியும்?"

முப்பிடாதி அவர் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கினாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம் பூவரசங் கிண்ணத்தையும் வாங்கி, பொட்டலத்தைப் பிரித்துக் கடலையை அதில் கொட்டினாள்.

"மாஸ்டர்! அது..."

"சாப்பிடுங்க சார். சூடா இருக்கு."

அவருக்கு மாஸ்டரிடம் கோபப்படவும் முடியவில்லை, கடலையை எடுக்கவும் மனசு வரவில்லை.

"நீங்க ஸ்டேஷன்ல வண்டியை எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"நேரம் ஆனதும்."

"எல்லாரும் ஏறியாச்சான்னு பாத்துட்டா?"

"எல்லாரும் எங்க ஏறுவாங்க மாஸ்டர்? எப்பவும் ஒருத்தன் மேம்பாலப் படியில ஓடி வந்துக்கிட்டுதான் இருப்பான். அவன் ஏறுறதுக்குள்ள பின்னால இன்னொருத்தன் வருவான்."

"பாவமா இருக்காதா?"

"இருக்கும். அதுக்கு? சிக்னல் கொடுத்துடுவேன். அடுத்த ஸ்டேஷன்ல ஆள் காத்துக்கிட்டு இருக்காங்கள்ல."

சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. பழைய வேலையைப் பற்றிக் கேட்டால் அவர் அப்படித்தான். முப்பிடாதி தோலை ஊதிவிட்டுக் கடலையை மென்றுகொண்டிருந்தாள்.

கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் கடையைத் தாண்டிப் போனாள். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். அடுக்கில் இருந்த எதையும் அவள் பார்க்கவில்லை.

"இந்தக் கிண்ணம் விக்கிறதுக்கா?"

"ஆமாம்மா" என்றாள் முப்பிடாதி. "கடலை எடுத்துக்கோங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு கடலை எடுத்தாள். முப்பிடாதி மிச்சத்தைப் பொட்டலத்துக்கு மாற்றிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"புது வீட்டுக்குப் போறோம். வர்றவங்களுக்கு இப்படி ஏதாவது போட்டு வைக்கலாம்ல? இதையே தாங்க."

ஆவுடையப்பன் விலை சொல்லவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் அதன் மேல் சாய்ந்து விழுந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, மயிரிழை அளவு, ஒரு கோடு. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி.

முப்பிடாதியின் பக்கம் குனிந்து, அந்தப் பெண்ணுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"மாஸ்டர், அதுல ஒரு கோடு இருக்கு."

முப்பிடாதி கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"சிக்னலைக் கொடுங்க சார். ஓடி வர்றவன் அடுத்த வண்டியில வருவான்."