துப்பாக்கி உறுத்தாத இடம்

மாட்டுச் சந்தைக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே மாடுகளுக்கு லாடம் அடித்துவந்தார் நஞ்சப்பர். அவரை முதலில் குரு என்று சொன்னவர் மாட்டுத் தரகர் மாரப்பன். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்ள வந்து ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை ஆணி எடுத்துக் கொடுக்கத்தான் கற்றிருந்தார்.

ஒரு புதன்கிழமை, சந்தை முடிந்ததும், அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தார்.

"என்ன தரகரே, சினைமாடு மாதிரி நடக்கறீர்?"

மாரப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டையைத் தூக்கினார். இடுப்பில் கைத்துப்பாக்கி.

"லைசென்ஸ் இருக்குதுங்க சாமி. பத்து வருசமா பீரோவுல தூங்குச்சு. இப்பத்தான் எழுப்பினேன்."

"எதுக்கு?"

"போன சந்தையில அந்தத் தரகன் காரியப்பனை அறைஞ்சுட்டேனுங்க. நான் விலை பேசி முடிச்ச காளை ஜோடிக்குக் குறுக்கே வந்து விழுந்தான். கை தானாப் போயிருச்சு. அத்தனை தரகனும் பார்த்தான். 'உன்னைக் கவனிச்சுக்கறேன்டா'ன்னுட்டுப் போயிருக்கான்."

"சரி. கேள்வி என்ன?"

"இதை எங்கே வெச்சா உறுத்தாதுங்க? மாட்டுக்குப் பல் பிடிச்சுப் பார்க்கக் குனிஞ்சா விலாவுல குத்துது. உட்கார்ந்தா அடிவயித்துல இறங்குது. வெளியவும் தெரியக் கூடாது."

நஞ்சப்பர் ஓர் ஆணியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வளைவு பார்த்தார்.

"வேற இடம் பார்த்துட்டு வாரும்."

அடுத்த புதன் மாரப்பன் இடது கையை உடம்போடு ஒட்டவே இல்லை.

"கக்கத்துல தோல்பட்டை போட்டுக் கட்டினேனுங்க. வேர்க்குரு பொரிஞ்சு போச்சு. அது போகட்டும், பட்டையில வேர்வை உப்பு ஏறிப்போச்சுங்க. ஒரு கிடாரிக் கன்னு வந்து கக்கத்தை நக்குது. சந்தையே சிரிக்குது."

"கிடாரிக்காச்சும் பிடிச்சுதே. வேற இடம் பாரும்."

அதற்கடுத்த புதன், கால்.

"கெண்டைக்கால்ல கட்டினேன். மறந்துபோய் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, டீக்கடைக்காரன் காசே கேட்கலை."

நான்காவது புதன் மாரப்பன் நிமிர்ந்து நடந்துவந்தார். முகம் மட்டும் சரியில்லை. வலது கை, தோளிலிருந்து தொங்கிய துண்டுக்குள் இருந்தது.

"இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க. துண்டுக்குள்ள, கையிலேயே. குத்தலை, அரிக்கலை, ஒருத்தனுக்கும் தெரியலை. ஆனா வியாபாரம் போச்சு."

சந்தையில் மாட்டு விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குகிறவனும் தரகனும் துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாரப்பனின் துண்டுக்குள் அன்று காலை ஒரு குடியானவர் கையை விட்டிருக்கிறார்.

"விரலைப் பிடிக்கறதா நினைச்சுக் குழலைப் பிடிச்சுட்டாருங்க. செருப்பை விட்டுட்டே ஓடிட்டாரு. நான் துண்டை உதறிப் போடறதுக்குள்ள சந்தை பூராத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு பயலும் என் துண்டுகிட்ட வரலை. முப்பது வருசமா இந்தத் துண்டுதாங்க எனக்குச் சோறு போட்டுது. இன்னும் ரெண்டு சந்தை இப்படிப் போனா நான் மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் போகணும்."

நஞ்சப்பர் வாயைத் திறக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது.

காரியப்பன். நொண்டும் காளை ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றான். மாரப்பனைப் பார்த்ததும் அவன் கை இடுப்புக்குப் போனது. மாரப்பனின் துண்டு அசைந்தது.

நஞ்சப்பர் காளையின் குளம்பைத்தான் பார்த்தார்.

"லாடம் விழுந்து நாலு நாள் இருக்குமே. எப்படிய்யா நடக்க வெச்சே? நாலு காலுக்கும் மாத்தணும். கயித்தைப் போடு, சாய்க்கலாம்."

மூவருமாகச் சாய்த்தார்கள். மாரப்பன் இடது கையால் மட்டும் தள்ளினார். காளை விழுந்ததும் கால்களைக் கட்டினார்கள். அது தலையை ஆட்டி மண்ணைக் கிளப்பியது.

"கண்ணைக் கட்டினாத்தான் இது அடங்கும். தரகரே, துண்டைக் கொடும்."

மாரப்பன் நகரவில்லை.

"துண்டுங்களா?"

"காதிலயும் வேர்க்குருவா? கொடும்."

மாரப்பன் துண்டை இழுத்துக் கொடுத்தார். கையில் துப்பாக்கி பட்டப்பகலில் மினுங்கியது. காரியப்பனின் முகம் வெளுத்தது.

"குண்டைக் கழட்டிப் பையில போட்டுட்டு, அதை ஆணி டப்பாவுல வையும்" என்றார் நஞ்சப்பர், காளையின் கண்ணைக் கட்டிக்கொண்டே. "கொம்பை ரெண்டு கையாலும் பிடிக்கணும். காரியப்பா, நீ கயித்தை இழு. விட்டா என் பல்லு போயிரும்."

மாரப்பன் குண்டுகளைக் கழற்றினார். பையில் போட்டார். டப்பாவில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கொம்பைப் பிடித்தார்.

காரியப்பன் குனிந்து கயிற்றை இழுத்தான். இழுத்த வேகத்தில் அவன் இடுப்பிலிருந்து எதுவோ நழுவி மண்ணில் விழுந்தது. ஒரு முழக் கத்தி.

மாரப்பன் கத்தியைப் பார்த்தார். பிறகு காரியப்பனைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"நீ அறைஞ்ச அன்னியிலிருந்து."

"உறுத்தலை?"

"உறுத்தாம? உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு மாசம் ஆச்சு. தோலு உரிஞ்சு கெடக்குது."

"எந்தப் பக்கம்?"

"வலது."

"எனக்கு இடது. கக்கம் வேற."

"கிடாரி நக்குச்சாமே?"

மாரப்பனுக்குக் கோபம் வர வேண்டிய நேரம். சிரிப்பு வந்துவிட்டது. காரியப்பன் கயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். நஞ்சப்பர் வாயில் ஆணிகளைக் கவ்வியபடி முதல் குளம்பில் லாடத்தை வைத்து அடித்தார்.

"அன்னிக்கு அறைஞ்சதுக்கு இந்தா கன்னம். அடிச்சுக்கோ" என்றார் மாரப்பன்.

"கை கயித்துல இருக்குதய்யா."

நான்காவது ஆணி இறங்கியது. நஞ்சப்பர் வியர்வையைத் துடைத்தார். மாரப்பன் தலையை மட்டும் திருப்பினார். டப்பாவில் துப்பாக்கி, மண்ணில் கத்தி.

"சாமி, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை. அதை நான் எங்கேதான் வெக்கறது?"

நஞ்சப்பர் அடுத்த லாடத்தைக் கையில் எடுத்தார்.

"கொம்பை விட்டுடாதீர் தரகரே. இன்னும் மூணு கால் இருக்குது."