காட்டுப்பன்றியின் முப்பது விக்கெட்டுகள்

முல்லைக்காட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நாணற்காட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் கிரிக்கெட்டில் தீராத போட்டி. மூன்று வருடமாக நாணற்காடுதான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் அக்கரைத் தவளைகள் ஒரு வாரம் விடாமல் கேலிப் பாட்டுப் பாடின.

முல்லைக்காட்டு கேப்டன் சிறுத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"இந்த வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கக் கூடாது!" என்று சொல்லிவிட்டது.

அப்படியே நடந்தது. ஏழு ஆட்டம், ஏழு வெற்றி! எல்லாம் வேகப்பந்து வீசும் காட்டுப்பன்றியின் திறமை என்று காடே பேசியது. இருபத்தேழு விக்கெட்! அத்தனையும் எல்.பி.டபிள்யூ. பந்து எதிராளியின் காலில் பட்டதும் பன்றி தொண்டை கிழியக் கத்தும். நடுவர் ஆமையம்மாவின் விரல் உடனே உயர்ந்துவிடும்.

"இது அநியாயம்!" என்று சில ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

"தோற்றவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?" என்று பன்றி சிரித்தது.

கடைசி ஆட்டம் நாணற்காட்டோடு. அன்றும் பன்றி மூன்று விக்கெட் எடுத்தது. ஆக முப்பது! நாணற்காட்டுக்குக் கடைசி விக்கெட் மட்டும் பாக்கி. ஜெயிக்க நான்கு ரன் வேண்டும். மட்டையோடு நின்றது அவர்களின் கேப்டன் மிளா மான்.

பன்றி ஓடி வந்து வீசியது. 'டொக்!' பந்து மட்டையில் பட்டு, பிறகுதான் காலில் பட்டது. மரக்கிளையில் இருந்த கிளிகளுக்குக்கூட அந்தச் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் பன்றி கத்திவிட்டது. அடுத்த நொடியே வாயை மூடிக்கொண்டது.

ஆனால் ஆமையம்மாவின் விரல் உயர்ந்துவிட்டது!

மிளா வாய் திறந்தபடி நின்றது. பன்றி மெதுவாக நடுவரிடம் போனது.

"ஆமையம்மா, மட்டையில் பட்ட சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டது."

"பின் ஏன் அவுட் கொடுத்தீர்கள்?"

ஆமையம்மா சிறுத்தையை ஒரு முறை பார்த்தது. "முப்பது தடவை கத்தினாய். என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. சொல்லிவிடுகிறேன். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் உன் கேப்டன் என் குளத்துக்கு வந்தது. மணலில் நான் இட்ட முட்டைகளில் ஒன்றை என் கண் முன்னாலேயே மிதித்து உடைத்தது. 'என் அணி கத்தினால் உன் விரல் உயர வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச முட்டைகளும் இப்படித்தான்!' என்றது."

விக்கெட் கீப்பர் குரங்கு கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டது.

"எல்லாம் நம் பல்கலைக்கழகத்துக்காகத்தானே செய்தேன்!" என்று சிறுத்தை உறுமியது. "கோப்பை வேண்டாமா உங்களுக்கு? இந்தக் கிழட்டு ஆமையின் முட்டைகளை..." என்று மைதானத்தை அடுத்திருந்த குளத்துப் பக்கம் பாய்ந்தது.

பன்றி குறுக்கே போய்க் கோரைப்பற்களை நீட்டி நின்றது. "முதலில் என்னைத் தாண்டு!"

அதற்குள், ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த துணைவேந்தர் யானை எழுந்து வந்துவிட்டது. தும்பிக்கையால் சிறுத்தையை இடுப்போடு சுற்றித் தூக்கி மைதானத்துக்கு வெளியே வைத்தது. "இனி இந்தப் பல்கலைக்கழகத்தில் உனக்கு இடமில்லை. போ!"

ஆமையம்மா விரலை இறக்கியது. "மிளா அவுட் இல்லை."

பன்றி மறுபடி வீசியது. பந்து குட்டையாக விழுந்தது. மிளா அதை எல்லைக்கு அப்பால் அடித்தது. நாணற்காடு ஜெயித்தது. ஆனால் அக்கரைத் தவளைகள் அன்று ஒரு பாட்டும் பாடவில்லை.

முல்லைக்காட்டின் ஏழு வெற்றிகளும் அன்றே ரத்தாயின. அணியில் இருந்தவர்கள் முறை வைத்துக் குளக்கரையில் முட்டைகளுக்குக் காவல் இருந்தார்கள். பன்றியின் முறை வந்த அன்று அது தயங்கித் தயங்கிக் கேட்டது.

"என் முப்பதில் ஒன்றாவது உண்மையா, ஆமையம்மா?"

"பதினொன்று உண்மையான அவுட்தான்."

பன்றியின் முகம் சட்டென்று மலர்ந்தது. "எவை? எந்தப் பதினொன்று?"

"பயத்தோடு நின்றேன், அப்பா. எண்ணிக்கை மட்டும்தான் மனதில் நின்றது, எது எது என்று நினைவில்லை."

பன்றி தலைகுனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறரைப் பயமுறுத்திப் பெறும் வெற்றி, நாம் உண்மையாக உழைத்துப் பெற்ற வெற்றியையும் நமக்குச் சொந்தமில்லாமல் ஆக்கிவிடும்.